ஆடுகள உழைப்பும் ஒருதலை ஒப்பந்தமும்

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்தியக் கால்பந்து உலகிலிருந்து அடுத்தடுத்து மூன்று அறிவிப்புகள் வெளிவந்தன. முதன்மை அணி வீரர்கள், ஊழியர்கள் ஆகியோரின் ஊதியத்தைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக பெங்களூரு எஃப்.சி. அறிவித்தது. ஒடிசா எஃப்.சி. ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. தனது செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டது. இந்த அணிகளின் வீரர்களிடம் முறைப்படி கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இருந்தன. எத்தனை ஆண்டு, எவ்வளவு ஊதியம், என்னென்ன கடமை என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஆயினும் நிர்வாகத்தின் ஓர் அறிவிப்பு அந்தத் தாள்களின் பயனை முடக்கிவிட்டது.

விளையாட்டுப் பக்கங்கள் இதனை "இந்தியக் கால்பந்தின் நெருக்கடி" என்று எழுதின. அது உண்மையே. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஓர் ஆலையின் முதலாளி "சந்தை நிலவரம் தெளிவாகும் வரை சம்பளம் இல்லை" என்று அறிவித்தால் அதனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? அதே செயலை ஓர் அணியின் உரிமையாளர் செய்தால் மட்டும் அது ஏன் "கடினமான முடிவு" ஆகிவிடுகிறது? தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் ஒரு வேலை ஒப்பந்தம். அதனை அவ்வாறே படிக்கவும், அவ்வாறே பேரம் பேசவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யாருடைய இடர், யார் தலையில்?

நெருக்கடியின் மூலகாரணத்தை முதலில் பார்ப்போம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நாட்டின் கால்பந்துக்கான வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்குத் தனியாரிடம் ஒப்படைத்தது. பின்னர் அவ்வுரிமை ரிலையன்ஸ் குழுமத்தின் 'ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட்' நிறுவனத்தின் கையில் இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளை நடத்தியது அந்நிறுவனமே. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடையும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்ட செய்தி. புதுப்பிப்பு முடிவாகாத நிலையில், அவ்வாண்டு ஜூலையில் அடுத்த பருவப் போட்டிகளை நிறுத்திவைப்பதாக நிறுவனம் கூறிவிட்டது. சம்மேளனம் புதிதாகக் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 அணிகளுடன் போட்டிகள் தொடங்கும் என்று அறிவிக்கும் வரை வீரர்கள் காத்திருந்தனர். அதுவும் சுருக்கப்பட்ட பருவமே.

2025 டிசம்பர் 8 என்ற நாள் நிலநடுக்கம் போலவோ பெருந்தொற்று போலவோ திடீரென வந்ததன்று. சம்மேளனத்திற்கும் நிறுவனத்திற்கும் 15 ஆண்டுகளாகத் தெரிந்த நாள் அது. அணி உரிமையாளர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்நாளைத் தாண்டி நீளும் பல ஆண்டு ஒப்பந்தங்களில் அவர்கள் வீரர்களிடம் கையெழுத்து வாங்கினர். போட்டி நடந்தால் வருவாய் உரிமையாளருக்கு. நடக்காவிட்டால் பட்டினி வீரருக்கு. வணிகத்தின் இடரை வணிகரே ஏற்க வேண்டும் என்பது முதலாளித்துவம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட அறநெறி. அந்த நெறியையும் மீறி இடர் முழுவதும் உழைப்பவரின் தலையில் ஏற்றப்பட்டது.

700 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் வீரர்கள் ஒரு தரப்பாக இல்லை. அது எப்போது முடியும், முடிந்தால் தங்கள் ஊதியம் என்னவாகும் என்று கேட்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய ஒவ்வொரு மாதச் சம்பளமும் அதன் மீதே நின்றது. மேலே உள்ள ஒப்பந்தம் சரிந்தால் கீழே உள்ள ஒப்பந்தமும் சரியும் என்ற நிலைதான் இந்திய விளையாட்டுத் தொழிலின் அடிப்படைக் கோளாறு.

ஏலத்தில் பேரம் ஏது?

கிரிக்கெட்டில் பணம் கொட்டுகிறதே, அங்கும் இந்தச் சிக்கல் உண்டா என்று வாசகர் கேட்கலாம். ஊதியம் நின்றுபோகும் சிக்கல் அங்கு அரிது. ஆனால் பேரம் பேசும் உரிமை அங்கும் இல்லை.

ஐ.பி.எல். ஏலத்தில் ஒரு வீரர் செய்யக்கூடியது இரண்டே செயல்கள்: பெயரைப் பதிவு செய்வது, அடிப்படை விலையைக் குறிப்பிடுவது. எந்த நகரம், எந்த அணி, எவ்வளவு தொகை என்பதை ஏலம் எடுப்பவரே முடிவு செய்வார். ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி விலகினால் இரண்டு பருவங்களுக்குத் தடை. 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனை கொல்கத்தா அணி 25.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் சிற்றேலத்தில் வெளிநாட்டு வீரருக்கு வகுக்கப்பட்ட உச்சவரம்பின்படி அவருக்குரியது 18 கோடி மட்டுமே, எஞ்சிய 7.20 கோடி கிரிக்கெட் வாரியத்திற்குச் செல்கிறது. சந்தை நிர்ணயித்த விலைகூட விற்கப்பட்டவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. கிரீனுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. விதியை எழுதுபவர் யார் என்பதைக் கவனித்தால் போதும்.

வருவாயின் பங்கீட்டையும் பார்ப்போம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது; சராசரியாக ஆண்டுக்கு 9,678 கோடி. 2025 பருவத்தில் பத்து அணிகள் வீரர்களுக்காகச் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சத்தொகை அணிக்கு 120 கோடி. போட்டிக் கட்டணத்திற்காக மேலும் 12.60 கோடி. மொத்தம் 1,326 கோடி. அதாவது ஒளிபரப்பு வருவாயை மட்டும் கணக்கில் கொண்டாலும் ஆடுபவர்களுக்குச் சேர்வது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் தொழில் வருவாயில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குரியது. அந்தப் பாதி உரிமையாளர்களின் பெருந்தன்மையால் வந்ததன்று. வீரர் சங்கம் கூட்டுப் பேரத்தின் வழியே எழுதி வாங்கியது.

ஏலத்தின் வெளிச்சத்திற்கு அப்பால் இருப்பவர்கள் நிலை வேறு. ரஞ்சிக் கோப்பையில் ஆடும் வீரருக்கு 2021இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், அவர் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை. தொகை சிறிதன்று, ஆனால் இதன் வடிவம் நாட்கூலி. ஆடும் பதினொருவரில் இடமில்லை என்றால் வருவாய் பாதியாகும். காயமுற்று வீட்டிலிருந்தால் அந்தக் கூலியும் இல்லை. பெண்களுக்கு உள்நாட்டுப் போட்டிகளில் 20,000 ரூபாயாக இருந்த நாள் கட்டணம் 50,000 ஆக உயர்ந்தது 2025 டிசம்பரில்தான், அதாவது அவர்கள் உலகக் கோப்பையை வென்று வந்த பிறகு. 2022இல் பன்னாட்டுப் போட்டிக் கட்டணம் ஆண், பெண் இருபாலருக்கும் சமமாக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். இடைவெளி பதினான்கு மடங்கு.

கையெழுத்துக்கு முன்

பெரும்பாலான வீரர்கள் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம் வருகிறது. அது சட்ட ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு நீள்கிறது. "இன்று மாலைக்குள் கையெழுத்திடு, இல்லையேல் வேறொருவர் இருக்கிறார்" என்ற அவசரமும் சேர்கிறது. இந்நிலையில் வீரரும் அவர் குடும்பமும் குறைந்தது ஆறு செய்திகளையேனும் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, ஊதியம். நிலையான தொகை எவ்வளவு, வெற்றி பெற்றால் மட்டும் கிடைப்பது எவ்வளவு, எந்தத் தேதியில் தரப்படும்? பிஃபா விதிகளின்படி, இரண்டு மாத ஊதியம் உரிய நாளில் வராவிட்டால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 15 நாள் அவகாசமும் தந்த பின் வீரர் நியாயமான காரணத்துடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். உள்நாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இந்திய வீரர் அதே வாசகத்தைத் தம் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காலம். கால்பந்தில் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மூன்று ஆண்டுகளே எல்லை. "அணி விரும்பினால் மேலும் ஓராண்டு" என்ற ஒற்றை வரி பல இடங்களில் நுழைந்துவிடும். விருப்பம் அணிக்கு மட்டும் இருந்தால், அந்த ஓராண்டு வீரருக்கு விலங்கு.

மூன்றாவது, காயம். அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? மீண்டு வரும் மாதங்களில் முழு ஊதியம் உண்டா? காப்பீட்டுச் சந்தா யார் கட்டுவது? விளையாட்டில் காயம் என்பது தொழில் விபத்து. ஆலையில் கை இழந்தவருக்கு இழப்பீடு உண்டு என்றால், ஆடுகளத்தில் முழங்கால் தசைநார் அறுந்தவருக்கும் உண்டு. மருத்துவப் பரிசோதனை முடிவைப் பொறுத்தே ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையை பிஃபா விதி ஏற்பதில்லை. பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

நான்காவது, முறிவு. அணி எந்தெந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம், வீரர் எந்தெந்தக் காரணங்களுக்காக வெளியேறலாம்? இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒப்பந்தத்தின் சாயல் தெரிந்துவிடும். "தவிர்க்க இயலாத நிகழ்வு" என்ற பிரிவை இருமுறை படிக்க வேண்டும். போட்டி நடத்துபவரின் வணிகத் தகராறு அந்தப் பிரிவுக்குள் வராது என்று வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும். 2025இன் பாடம் இது.

ஐந்தாவது, உருவப்படமும் விளம்பரமும். வீரரின் முகம், பெயர், சட்டை எண் ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயில் அவருக்குப் பங்கு உண்டா? ஒப்பந்தம் முடிந்த பிறகும் அணி அவற்றைப் பயன்படுத்தலாமா?

ஆறாவது, தகராறு வந்தால் செல்லுமிடம். நடுவரை நியமிப்பவர் யார்? வழக்கில் அக்கறை கொண்ட ஒரு தரப்பே தனிநடுவரை நியமித்துக்கொள்வது முறையன்று என உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. அப்படிப்பட்ட வாசகத்தைக் கண்டால் திருத்தச் சொல்லலாம்.

இந்த ஆறாவது செய்தியில் கசப்பான ஒரு வேறுபாடு ஒளிந்துள்ளது. வெளிநாட்டு வீரருக்கு ஊதியம் தராவிட்டால் அவர் நேரடியாக பிஃபாவின் தீர்ப்பாயத்தை அணுகலாம். கோஸ்டாரிகாவின் ஜானி அகோஸ்டாவுக்கான நிலுவையின் பேரில் ஈஸ்ட் பெங்கால் அணி 2021இல் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை பெற்றது. அதே ஆண்டில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் ஒரு வெளிநாட்டு வீரரின் நிலுவைக்காகத் தடை பெற்றது. தடை வந்ததும் பணம் வருகிறது. அதே அணியில், அதே உடைமாற்றும் அறையில் இருக்கும் இந்திய வீரர் அகில இந்தியச் சம்மேளனத்தின் குழுவுக்கே செல்ல வேண்டும். அந்தச் சம்மேளனமோ வணிக உரிமையை விற்ற தரப்புகளில் ஒன்று.

நீதிமன்றம் காட்டிய வழி

சட்டம் முழுவதும் வீரருக்கு எதிராக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் 2000ஆம் ஆண்டில் ஒரு விளம்பர முகமை நிறுவனத்துடன் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தார். காலம் முடிந்த பிறகும், வேறு நிறுவனம் ஏதேனும் தர முன்வந்தால் அதே தொகையைத் தந்து அவரைத் தக்கவைக்கும் முதலுரிமை தனக்கே உண்டு என்று ஒரு பிரிவை அந்நிறுவனம் எழுதியிருந்தது. ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு நிறுவனத்துடன் சேர்ந்தபோது வழக்குத் தொடுத்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் வீரரின் பக்கம் நின்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. ஒப்பந்தக் காலத்திற்குப் பின்னும் ஒருவரைக் கட்டிப்போடும் வாசகம் அதன்கீழ் அடிபடும் என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒவ்வொரு இளம் வீரரும் இத்தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். கையெழுத்திட்டுவிட்டோம் என்பதாலேயே எல்லாப் பிரிவும் நம்மைக் கட்டாது. ஆனால் ஜாகீர் கான் அப்போதே இந்திய அணியின் புகழ்பெற்ற வீரர். உச்ச நீதிமன்றம் வரை செல்ல அவரால் முடிந்தது. ஒன்பது லட்சம் அடிப்படை விலையில் புரோ கபடி ஏலத்துக்கு வரும் இளைஞரால் முடியுமா? ஆடும் காலமே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். அதில் மூன்றாண்டை வழக்குக்குக் கொடுப்பவர் வென்றாலும் தோற்றவரே.

கூட்டுப் பேரமே கவசம்

ஆகவேதான் தனி வீரரின் விழிப்பு தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்கிறோம். பிற நாடுகளின் வரலாறும் இதனையே காட்டுகிறது. இங்கிலாந்தில் கால்பந்து வீரரின் வார ஊதியத்திற்கு விதிக்கப்பட்டிருந்த 20 பவுண்டு உச்சவரம்பு 1961இல் நீங்கியது, வீரர் சங்கம் வேலைநிறுத்தத்திற்கு அணியமான பிறகே. அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் 1966இல் தங்கள் சங்கத்தை வழிநடத்த மார்வின் மில்லரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். இரண்டே ஆண்டுகளில் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்தது. வீரரை அணியின் சொத்தாக வைத்திருந்த விதியை எதிர்த்துத் தனியொருவராக வழக்காடிய கர்ட் ஃப்ளட் 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மூன்றே ஆண்டுகளில், சங்கம் கூட்டுப் பேரத்தில் பெற்றிருந்த நடுவர் முறையின் வழியே அந்த விதி வீழ்ந்தது. தனிமனிதரின் துணிவு தோற்ற இடத்தில் அமைப்பின் பலம் வென்றது.

இந்தியாவில் முயற்சிகள் இல்லாமலில்லை. 2002இல் பட்டோடி தலைமையில் கிரிக்கெட் வீரர் சங்கம் ஒன்று உருவானது. வாரியம் அதனைப் பேச்சுவார்த்தைக்குரிய தரப்பாக ஏற்கவில்லை. லோதா குழுச் சீர்திருத்தங்களை அடுத்து 2019இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் ஆடுபவருக்காகப் பேரம் பேச ஓர் அமைப்பும் இல்லை. உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் வாரியத்தின் எதிரில் அமர ஒரு நாற்காலிகூட இல்லை. கால்பந்தில் 2006இல் பாய்ச்சுங் பூட்டியா உள்ளிட்டோர் தொடங்கிய வீரர் சங்கம் இருக்கிறது. ஆனால் அணிகளையும் சம்மேளனத்தையும் கட்டுப்படுத்தும் கூட்டு ஒப்பந்தம் இல்லை.

அரசு என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டுப் பணியாளரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. விளையாட்டு வீரரைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளின் தேர்தல், நிர்வாகம், தீர்ப்பாயம் பற்றிப் பேசுகிறது. வீரர்களை நிர்வாகக் குழுவில் அமர்த்துவது நல்லதே. ஆனால் நிர்வாகக் குழுவில் ஓர் இருக்கை கூட்டுப் பேர உரிமைக்கு ஈடாகாது.

"கோடிகளில் புரள்பவர்கள் எப்படித் தொழிலாளிகள்?" என்ற கேள்வி நம் தோழர்களிடமிருந்தும் எழுவதுண்டு. கோடிகளில் புரள்பவர் மிகச் சிலர். அவர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் ஓராண்டு ஒப்பந்தத்தில், நாட்கூலியில், வாய்மொழி உறுதியில் ஆடிக்கொண்டிருக்கின்றனர். உடலே மூலதனம், முப்பத்தைந்து வயதில் அது தீர்ந்துவிடும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. நட்சத்திரங்களின் ஊதியத்தைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது உரிமையாளர்களின் தந்திரம். அதற்கு நாம் இரையாகக் கூடாது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு விளையாட்டிலும் மாதிரி ஒப்பந்தம் ஒன்று, வீரர் சங்கத்தின் ஒப்புதலுடன், கட்டாயமாக்கப்பட வேண்டும். அதன் படி வீரரின் தாய்மொழியில் தரப்பட வேண்டும். கையெழுத்துக்கு முன் சட்ட ஆலோசனை பெற ஒரு வார அவகாசம் அளிக்கப்பட வேண்டும். லீக்கில் சேரும் ஒவ்வொரு அணியும் ஓராண்டு ஊதியத்திற்கு வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். போட்டி நடக்காவிட்டாலும் ஊதியம் அதிலிருந்து வரும். குறைந்தபட்ச ஊதியம், காயத்திற்கான முழுக் காப்பீடு, பெண்களுக்கு ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு ஆகியவை எல்லா ஒப்பந்தங்களிலும் இடம்பெற வேண்டும். இந்திய வீரரின் ஊதியத் தகராறை விசாரிக்கும் அமைப்பில் சம்மேளனத்திற்கும் வீரர் சங்கத்திற்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழில்முறை வீரர் தொழிலாளியே என்று சட்டம் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் விண்ணப்பத்தால் கிடைக்காது. பத்திரிகையாளர்களுக்கு 1955இல் கிடைத்த தனிச்சட்டத்தின் பின்னால் அவர்கள் கட்டிய சங்கங்கள் இருந்தன. 2025இல் ஊதியம் இழந்த வீரர்கள் ஒவ்வோர் அணியிலும் தனித்தனியே நின்றனர். அடுத்த நெருக்கடி வரும்போது அவர்கள் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக நிற்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை அடுத்த ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். தொழிற்சங்க இயக்கம் அவர்களின் கதவைத் தட்டுவதற்கும் இதுவே காலம்.